வண்டி வீட்டில் மின்சாரம்

கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தபின், வண்டியை வீடாக்கும் வேலைக்கு வழி திறந்துள்ளது. மட்டாஞ்சேரியில் வயரிங் தொழில் கற்கும் நம் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம்.

120 வாட் சாதனம் வீட்டின் 230 வோல்ட்டில் அரை ஆம்பியரே இழுக்கும். வண்டிப் பாட்டரியின் 12 வோல்ட்டிலோ 10 ஆம்பியர்! வீட்டுக் கணக்கில் மெல்லிய கம்பி இட்டால் அது சூடேறித் தீப்பற்றக்கூடும். தடித்த, பல இழைக் கம்பியே தக்கது. ஒற்றை இழைக் கம்பி ஓட்டத்தின் அதிர்ச்சியில் முறியும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடுக. பியூஸ் பாட்டரியை ஒட்டியே இருத்தல் வேண்டும்; தள்ளி வைத்தால் இடையிலுள்ள கம்பிக்குக் காவலில்லை. கடற்காற்றில் செம்பு களிம்பேறும்; இணைப்புகளை இறுக மூடுக.

அவ்வண்டியில் பிறர் குழந்தைகள் உறங்குவர் என்பதை மறவாதிருப்போமாக.