கூட்டம் சேர்ந்தது சரி, நிழல் எங்கே?

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர் நகரில். வெயிலைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட ஊர் இது. செல்சியஸில் 43க்கு மேல். அந்த ஒரு வருடத்தில் மட்டும் எங்கள் மரிகோபா கவுண்டியில் வெப்பம் தொடர்பான சாவுகள் 645. எச்சரிக்கை விடுத்த நாட்களில் கேமல்பேக் மலைக்கு ஏறும் பாதையைக்கூடப் பகலில் பூட்டிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் 2024 ஜூன் 6ஆம் தேதி டிரம்ப் பேச வந்தார். கூட்டம் நடந்தது ஏசி போட்ட ஒரு பெரிய சர்ச்சுக்குள்ளேதான். ஆனால் உள்ளே போக வெளியே வரிசையில் நிற்க வேண்டும் இல்லையா? அன்றைக்கு 113 டிகிரி. வரிசையில் நின்றவர்களில் 11 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து லாஸ் வேகாஸில், இந்த முறை திறந்தவெளிப் பூங்காவில். தண்ணீர், கூடாரம் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தும் 6 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 24 பேருக்கு அங்கேயே வைத்தியம் பார்த்தார்கள்.

அப்போது எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "பரவாயில்லையே, இங்கேயும் நம்ம ஊர் மாதிரிதானா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே மயக்கம் போட்டார்கள், வண்டி வந்தது, வீட்டுக்குத் திரும்பினார்கள். நம்ம ஊரில் வீட்டுக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

2016 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 11ஆம் தேதி விருத்தாசலத்தில் ஜெயலலிதா பேசிய கூட்டத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒன்பது நாள் கழித்து சேலம் பக்கத்தில் நடந்த கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர். மேடையில் முதல்வரைச் சுற்றி ஏர்கூலர்கள் நின்றதைப் படங்களில் எல்லோரும் பார்த்தோம். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பை கார்கரில் மகாராஷ்டிர அரசின் விருது விழா. மேடையில் மத்திய உள்துறை அமைச்சர், மேடைக்கு மேலே கூரை. மைதானத்தில் லட்சக்கணக்கான மக்கள், தலைக்கு மேலே சூரியன். வெயில் தாக்கி இறந்தவர்கள் 13 பேருக்குக் குறையாது. 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போன 5 பேர். கட்சி, மாநிலம், கொடி நிறம் எதுவும் இதில் கணக்கில்லை. எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள்.

கரூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 27 அன்று விஜய் கூட்டத்தில் 41 உயிர்கள் போனது நெரிசலில். யார் மேல் தவறு என்பதை விசாரணை சொல்லட்டும். நான் கவனிப்பது வேறு. மதியம் வருவதாக அறிவித்த தலைவர் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காகக் கிடைக்காமல் நின்ற உடம்பு, நெரிசல் என்று வரும்போது எப்படித் தாங்கும்? வெயில் தனியாகக் கொல்வது ஒரு வகை. ஆளைத் தள்ளாட வைத்து வேறொன்றிடம் ஒப்படைப்பது இன்னொரு வகை.

நானும் அப்படி ஒரு கூட்டத்தில் நின்றவன்தான். 2024 ஏப்ரலில் லீவுக்குப் போயிருந்தபோது பெரியப்பா கூப்பிட்டார். அறுபத்தெட்டு வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பது வருடமாக ஒரே கட்சி. எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. மூன்று மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ். நாங்கள் இரண்டரைக்குப் போய்விட்டோம். மேடைக்குப் பந்தல், முன்னால் சோபா வரிசைக்குப் பந்தல், அதற்குப் பிறகு சவுக்குக் கட்டைகள் கட்டிப் பிரித்த கட்டங்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், வானம். நாற்காலியில் கை வைத்தால் சுட்டது.

நான்கு மணிக்கு, "பெரியப்பா, போயிடலாமா?" என்றேன். "இருடா தம்பி, இவ்ளோ நேரம் இருந்துட்டு... வந்துட்டாருன்னா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடலாம்" என்றார். துண்டை நனைத்துத் தலையில் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு நாற்பது வயது அக்கா, கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதைத் திறந்து முந்தானையை நனைத்து முகத்தைத் துடைக்கிறார், வாயில் மட்டும் ஊற்றவில்லை. "குடிங்கக்கா" என்றேன். "குடிச்சா எங்க தம்பி போறது?" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். அத்தனை ஆயிரம் பெண்களுக்கு அந்த மைதானத்தில் ஒரு கழிப்பறை கண்ணுக்குத் தெரியவில்லை. "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று சுகாதாரத் துறை விளம்பரம் கொடுக்கிறது. காலையிலிருந்தே குடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அந்த விளம்பரம் எப்படிப் போய்ச் சேரும்? தண்ணீர் பாக்கெட் கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டும் ஏற்பாட்டாளர்கள் இதை மட்டும் யோசிப்பதே இல்லை. யோசிக்கிற இடத்தில் பெண்கள் இல்லை என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்து மணி சுமாருக்கு எங்கள் கட்டத்தில் ஒரு பாட்டி சரிந்தார். கட்சிப் பதாகையாலேயே விசிறினார்கள். நாற்காலியோடு தூக்கித் தலைக்கு மேலே கைமாற்றிக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் ரோட்டில்தான் நின்றது, உள்ளே வர வழி விட்டிருக்கவில்லை. அந்தப் பாட்டி பிழைத்துவிட்டார் என்று மறுநாள் பெரியப்பா விசாரித்துச் சொன்னார். தலைவர் வந்தது ஆறே காலுக்கு. பேசியது இருபத்திரண்டு நிமிடம்.

இங்கே பிறந்த என் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, கஷ்டமா இருந்தா அவங்க ஏன் கிளம்பிப் போகல?" நியாயமான கேள்விதான். வந்த வேன் கூட்டம் முடிந்துதான் திரும்பும். கூட்டி வந்தவர் தலையை எண்ணுவார், பாதியில் போனால் நாளைக்குத் தெருவில் முகம் பார்க்க வேண்டும். கட்டைகளைத் தாண்டி வெளியே போவது உள்ளே வந்ததைவிடக் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேல், வந்தவர்களில் நிறையப் பேருக்கு அந்தத் தலைவரை உண்மையிலேயே பார்க்க வேண்டும். நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு "இருநூறு ரூபாய்க் கூட்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். என் பெரியப்பா யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. வாங்கிக்கொண்டு வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இருநூறு ரூபாய்க்கு வந்த உடம்புக்கு வெயில் தள்ளுபடியா கொடுக்கும்?

"அவங்க தினமும் வயல்ல வெயில்ல நிக்கறவங்கதானே" என்று இன்னொரு வாதம் வரும். வயலில் வேலை செய்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். விடியும்போதே இறங்குவார்கள், உச்சி வெயிலுக்கு முன்னால் கரையேறுவார்கள். தூக்குவாளியில் நீராகாரம் இருக்கும், வரப்பில் ஒரு மரம் இருக்கும், முடியவில்லை என்றால் போய் உட்காரலாம். தன் உடம்பு சொல்வதைக் கேட்டு நகர்கிற உரிமை அங்கே அவர்கள் கையில். கூட்டத்தில் அந்த உரிமையைத்தான் முதலில் பிடுங்குகிறோம். அதே ஆள், அதே சூரியன், ஆனால் நகர முடியாது.

கொஞ்சம் விஞ்ஞானமும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால். வியர்வை காய வேண்டுமென்றால் காற்று ஓட வேண்டும், காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடத்தில் காற்று ஓடாது, அத்தனை பேரின் மூச்சும் வியர்வையும் அங்கேயே தேங்கும். அதனால் "அன்னிக்கு 38 டிகிரிதானே" என்பது அர்த்தமில்லாத பேச்சு. கார்கரில் பதிவானதும் 38 சுமார்தான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை, 35ஐத் தொட்டால் மனித உடம்பு தாங்காது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்தே சோதித்தபோது எல்லை 31க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அறுபது வயது, சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றால் இன்னும் குறையும். நான் வேலை பார்ப்பது சர்வர்களோடு. டேட்டா சென்டரில் இயந்திரத்துக்குள் போகும் காற்று 27 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது இத்துறையின் பரிந்துரை, தாண்டினால் நடுராத்திரி என் போன் அலறும். பெரியப்பாவுக்கு அலறுவதற்கு ஒரு போனும் இல்லை.

இதெல்லாம் எப்போதிலிருந்து இப்படி? கட்சிக் கூட்டம் என்றால் தமிழ்நாட்டில் அது ராத்திரி விஷயம். சித்திரை மாதம் ராத்திரி பத்தரைக்கு அண்ணா பேசிய கதை எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு, குழந்தை குட்டியோடு போவார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வந்தது, அது நல்ல விதிதான். கூடவே ஹெலிகாப்டரும் வந்தது. அது இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்றால் தலைவர் பகலில் பேசியாக வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர் என்றால் முதல் ஊர்க்காரர்களுக்கு உச்சி வெயில்தான்.

தேர்தலும் கோடைக்கு நகர்ந்துவிட்டது. 1967இல் பிப்ரவரி, 1984இல் டிசம்பர், 1989இல் ஜனவரி. 1991இல் ஆட்சி கலைக்கப்பட்டுத் தேர்தல் ஜூனுக்குப் போன பிறகு, ஐந்தைந்து வருடமாக எண்ணினால் ஏப்ரல், மே தவிர வேறு வழியில்லை. 2024 மக்களவைத் தேர்தலின் கடைசி நாளில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் வெயிலுக்குப் பலியானார்கள். அதே தேர்தல் பிரசாரத்தில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி யவத்மால் மேடையிலேயே மயங்கினார். மேடைக்காரருக்கே அந்த நிலை என்றால், கட்டைகளுக்குள் நிற்பவருக்கு?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று யார் எழுதித் தருவது? வயதானவர் கூட்டத்துக்குப் போய் வந்து ராத்திரி இறந்தால் "நெஞ்சுவலி" என்று சொல்லி மறுநாள் காரியம் முடித்துவிடுவது நம் வழக்கம். பேரிடர் என்று ஒரு பக்கம் அறிவித்துவிட்டு, மறுபக்கம் அதே பேரிடருக்குள் மூன்று மணிக்கு மைக் அனுமதி கொடுப்பதும் அதே அரசுதான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் டிரோன் காட்சி வரும், கடல் மாதிரித் தலைகள். அதை டொராண்டோவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஃபார்வர்டு பண்ணுவது யார்? "எங்க ஆளுக்கு வந்த கூட்டம் பாத்தியா" என்று மார்தட்டுவது யார்? பந்தல் போட்டால் டிரோனில் தலை தெரியாது, ஷாமியானா மட்டும்தான் தெரியும். நிழல் போடாததற்குச் செலவு மட்டும் காரணமில்லை என்று ஊரில் பந்தல்காரர் ஒருவரே சொன்னார். படம் பார்க்க நாம் இருக்கும் வரை படத்துக்காகத்தான் கூட்டம் போடுவார்கள்.

கட்சிகளின் அயலக அணிகளில் நம்மில் பலர் இருக்கிறார்கள். தலைவர்கள் இங்கே வந்தால் வரவேற்பு, சால்வை, குழுப் படம் எல்லாம் செய்கிறோம். அந்தப் படத்துக்கு முன்னால் கேட்பதற்குச் சில கேள்விகள் இருக்கின்றன. பங்குனி, சித்திரையில் கூட்டத்தை ஆறு மணிக்கு முன் தொடங்க மாட்டோம் என்று கட்சி எழுத்தில் சொல்லுமா? தலைவர் ஒரு மணி நேரம் தாமதம் என்றால் மைக்கில் அதை உண்மையாகச் சொல்லி, போகிறவர்களைப் போகவிடுமா? பெண்கள் பக்கம் எத்தனை கழிப்பறை? ஆம்புலன்ஸ் உள்ளே வர எந்த வழியைக் காலியாக வைத்திருக்கிறீர்கள்? ஹெலிகாப்டர் வாடகையோடு ஒப்பிட்டால் இதற்கெல்லாம் ஆகும் செலவு கொசுறு.

இவற்றைப் பெரியப்பாவின் கட்சியுடைய அயலக அணியில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு எழுதி அனுப்பினேன். "நல்ல பாயிண்ட் ப்ரோ, மேலே சொல்றேன்" என்று உடனே பதில் போட்டார். அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. அடுத்த மாதம் அவர்கள் ஜூமில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள், பேச மூன்று நிமிடம் கேட்டிருக்கிறேன்.