வாள் மாலையாகாத மேடை

“அழுதது போதாதா? மேடையிலும் அழவேண்டுமா?” என்று கேட்கிறார்கள்.

கேட்போர் தீயவர் அல்லர். அண்மையில் வலிகாமத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்திலே, திருவிழாக்கால நிகழ்ச்சி பற்றி ஆராயக் கூடிய கூட்டத்தில் நானும் இருந்தேன். இளைஞர் சிலர் நாடகம் போட ஓரிரவு கேட்டனர். தோட்டத்தில் உழைத்து உரமேறிய பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பிமார், முப்பது வருசமாய் நாங்கள் பட்டது காணாதே? ஒரு பாட்டுக் கோஷ்டியைக் கூப்பிடுங்கோ. சனம் கொஞ்சம் சிரிக்கட்டும்” என்றார். கைதட்டல் எழுந்தது. பாட்டுக் கோஷ்டி வென்றது; நாடகம் தோற்றது.

அப்பெரியவர் மீது எனக்குச் சினமில்லை. ஆயினும் அவர் வாதம் பிழையென்று சொல்லியே ஆகவேண்டும். துன்பியல் நாடகம் என்றால் அழுகை என்று அவர் எண்ணுகிறார். துயரத்தை மேடையேற்றுவோருட் பலரும் அங்ஙனமே எண்ணுகின்றனர். பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வழியிற் போன ஒருவன் தலையில் தேங்காய் விழுந்து அவன் இறந்தான் என்றால், அது துன்பம், துன்பியல் அன்று. நீதிமன்றத்திற் கூண்டில் நிற்பவனைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறோம். செய்தானா? தெரிந்து செய்தானா? துன்பியல் பிறப்பது அந்த இரண்டாவது கேள்வியிலே. இரு வழிகள் முன்னே கிடக்க, இரண்டும் விலை கேட்க, மனிதன் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் விலையைத் தானே செலுத்துகிறான். அதுவே துன்பியல். தெரிவு இல்லாத இடத்தில் எஞ்சுவது ஒப்பாரி மட்டுமே.

“இது மேல்நாட்டுச் சரக்கு” என்று சொல்லித் தப்ப முயலவேண்டாம். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) காங்கேசன்துறை வசந்த கான சபாவோடு ஊரூராகச் சென்று நடித்த மயான காண்டத்தை மறந்தோமா? விடிய விடியக் கண்விழித்துப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. ஒரே ஒரு பொய் சொன்னால் அரிச்சந்திரனுக்கு நாடு மீளும், மனைவி மீள்வாள், மைந்தன் மீள்வான். அந்தப் பொய்யைச் சொல்ல அவன் மறுக்கிறான். மறுத்து, சுடலைக் காவலனாக நின்று, பெற்ற பிள்ளையின் பிணத்துக்கே கூலி கேட்கிறான். இதனினும் கொடிய தெரிவை எந்த நாட்டு மேடை காட்டியது?

ஆனால் அக்கதை நமக்கு இரண்டு வசதிகளைச் செய்து கொடுத்தது. முதலாவது, முடிவில் இறைவன் தோன்றுகிறார். சந்திரமதியின் கழுத்துக்கு ஓங்கிய வாள் மாலையாகிறது. மாண்ட மகன் எழுகிறான். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். இரண்டாவது, சுடலைக்கு வந்த மன்னனுக்காக நாம் அழுதோம். பிறப்பின் பெயராலே அதே சுடலைக்குத் தள்ளப்பட்ட மனிதனுக்காக அழுதோமா? இரவிலே அரிச்சந்திரனுக்குக் கண்ணீர். பகலிலே தேநீர்க்கடையில் அயலவனுக்கு வேறு பாத்திரம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைக் குற்றமாக்கியது. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். சட்டம் பிறந்துவிட்டது, மனிதர் தெரிவு செய்யவில்லை.

எமது நவீன மேடை தன் கடமையை உணர்ந்தது அக்காலத்திலேயே. என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடி, ஆலயப் பிரவேசப் போராட்டத்தை மக்கள் முன் வைத்தனர். மௌனகுருவின் ‘சங்காரம்’ 1969இல் தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தின் மேடையிலே ஆடப்பட்டது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் கிராமங்கள்தோறும் சென்றது. பிள்ளைகள் வெளிநாடு போக முதியோர் தனித்திருக்கும் வீட்டை அவரது ‘எந்தையும் தாயும்’ காட்டியது. காணியை ஈடுவைத்து மகனை அனுப்பியவரும் நாமே. வாசலைப் பார்த்து ஏங்குபவரும் நாமே. பழிசொல்ல அங்கே வேற்றார் எவருமில்லை. நல்ல நாடகம் இப்படித்தான் கேள்வியைப் பார்வையாளர் பக்கம் திருப்பும்.

இன்று நாம் அவ்வழியை விட்டு விலகுகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. ஒரு பக்கம் சிரிப்பு, மறு பக்கம் ஒப்பாரி. இரண்டிலும் நாம் ஒன்றும் செய்யாதவர்கள். எல்லாம் நமக்குச் செய்யப்பட்டவை. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்த கொடுமைக்கு அரசு பதில்கூற வேண்டும். அதற்குரிய மன்றத்திலே அவ்வழக்கை இறுதிவரை நடத்தவேண்டும். அதில் எள்ளளவும் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் நீதிமன்றம் பிறரை விசாரிக்கும் இடம். மேடையோ நாம் நம்மையே விசாரிக்கும் இடம். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டும் கெடும்.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 1995 ஒக்டோபர் 30: வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாக வீடு துறந்து நடந்த நாள். இது நமக்கு நன்கு நினைவிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30: யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்ட நாள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அக்காலத்தில் ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டனர். இது நமக்கு அத்துணை நினைவில்லை. இரண்டு தேதிகளும் ஒன்றாயிருப்பதைக் கண்டு “வினைப்பயன்” என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. அப்பெருமூச்சை நான் ஏற்கமாட்டேன். வினைப்பயன் என்பது தப்பும் வழி. 1995இல் நமக்கு நேர்ந்தது துன்பம். 1990இல் நமக்கு முன்னே கிடந்தது தெரிவு.

“துப்பாக்கி முன்னே தெரிவு ஏது?” என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்விதான். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மேடை அதனைக் கேட்டுவிட்டது. சொபோக்கிளிசின் நாடகத்திலே, மாண்ட தமையனை அடக்கம் செய்வோருக்கு மரணம் என்று மன்னன் ஆணையிடுகிறான். அன்ரிகனி அடக்கம் செய்கிறாள், மடிகிறாள். நினைவுகூரவும் தடைவிதிக்கப்பட்ட நமக்கு அவள் உடன்பிறந்தவள் போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்நாடகத்தில் இஸ்மினி என்று இன்னொரு சகோதரி இருக்கிறாள். அவள் கெட்டவள் அல்லள், அஞ்சினாள், அவ்வளவே. எல்லாம் முடிந்தபின் பழியிற் பங்கு கேட்டாள். அப்பங்கு மறுக்கப்பட்டது. நாம் அன்ரிகனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இஸ்மினியின் வீட்டில் வாழ்ந்தவர்கள்.

இதனைப் பிறரை நோக்கி மட்டும் சொல்லவில்லை. அன்று நான் சிறுவன். சுமையோடு போனவர்களை யன்னல் இடுக்கால் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படலையும் அன்று சாத்தியே இருந்தது. தண்ணீர்ச் செம்போடு வெளியே போக எழுந்த என் தாயாரின் கையை என் தந்தையார் பிடித்து நிறுத்தினார். அவர் கோழையல்லர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தக் கை பிடிபட்ட கணமே துன்பியல். அங்கே எந்தத் தெய்வமும் தோன்றவில்லை. எந்த வாளும் மாலையாகவில்லை.

அக்கணத்தை மேடையின் நடுவில் நிறுத்தும் நாடகத்தையே நான் கேட்கிறேன். அழவைப்பதற்காக அன்று, “அடுத்த முறை என்ன செய்வாய்?” என்று கேட்பதற்காக. அடுத்த முறை நிச்சயம் வரும். சாதியின் பெயரால் ஒரு வாசல் மூடப்படும்போது வரும். அயலவன் காணியை அடிமாட்டு விலைக்குப் பறிக்கும்போது வரும். சாட்சி சொல்ல அழைக்கப்பட்டு, கண்டதைக் காணவில்லை என்று சொல்லத் தோன்றும்போது வரும். கந்தோரில் இருப்போருக்கும் வரும். தோட்டத்தில் இருப்போருக்கும் வரும்.

திருவிழாச் சபையாரே, சனசமூக நிலையத்தாரே, பாடசாலை அதிபர்களே! பத்து இரவில் ஒன்பதைப் பாட்டுக் கோஷ்டிக்குக் கொடுங்கள், தடையில்லை. ஓரிரவை அந்த இளைஞருக்குக் கொடுங்கள். நாடகம் முடிந்தபின் விளக்கை உடனே அணைத்துவிடாதீர்கள். மக்கள் சற்று இருந்து பேசட்டும். அந்தப் பெரியவரும் வரட்டும். அவருக்கு முன்வரிசையில் நானே இடம் பிடித்து வைப்பேன்.