நூல்நிலையத்தில் பையன்களைக் காணோமே!

ஜொகூரில் ஆண்டு 5இல் படிக்கும் ஒரு பையனிடம் ஜேடிதி காற்பந்துக் குழுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2014 முதல் மலேசிய சூப்பர் லீக் கிண்ணத்தை வேறு எந்தக் குழுவும் தொடவில்லை என்பான். 2015இல் தஜிகிஸ்தானின் துஷன்பே நகரில் இஸ்திக்லோல் குழுவை வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைக் கொண்டுவந்த கதையை, அப்போது பால்குடி மறந்திருக்காதவன், நேரில் பார்த்தவன்போல் சொல்வான். யாருக்கு எந்த எண் சட்டை, யார் எத்தனை கோல் என்று அடுக்குவான். அதே பையனிடம், பள்ளி நூல்நிலையத்தில் கடைசியாக எந்த நூலை எடுத்தாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

இவனுக்கு ஆர்வமில்லை, நினைவாற்றல் இல்லை என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது. அவனுடைய ஆர்வமும் நூல்நிலைய அலமாரியும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? 15 வயது மாணவர்கள் எழுதும் பீசா அனைத்துலகத் தேர்வில், 2022இல் மலேசியா வாசிப்புக்குப் பெற்ற சராசரிப் புள்ளி 388. 2018இல் அது 415. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர் பெற்றது 543. வாசிப்பில் அடிப்படை எனக் கருதப்படும் இரண்டாம் நிலையை எட்டிய நம் மாணவர்கள் 42 விழுக்காட்டினர் மட்டுமே. ஓஇசிடி நாடுகளின் சராசரி 74 விழுக்காடு. 2023 டிசம்பரில் முடிவு வெளியானபோது எல்லாரும் இந்தச் சரிவைப் பற்றிப் பேசினார்கள். அதே அறிக்கையிலிருந்த இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஓஇசிடி நாடுகளில் வாசிப்பில் மாணவிகள் மாணவர்களைவிடச் சராசரியாக 24 புள்ளிகள் முன்னே நிற்கிறார்கள். மலேசியாவிலும் மாணவிகளே முன்னணியில் இருக்கிறார்கள்.

நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் பெண்கள். பெண்கள் முன்னேறுவது மகிழ்ச்சிதான். பையன்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி. வாசிப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். வேலை, வருமானம், நண்பர் வட்டம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் படிவம் 4 வரலாற்றுப் பாடநூலில் இரண்டு பக்கங்களைத் தொடர்ந்து படிக்க முடியாத மாணவனுக்கு அதன்பின் எந்தப் பாடமும் எளிதாக இருப்பதில்லை. அந்தத் தடுமாற்றம் படிவம் 4இல் தொடங்கியதன்று. ஆண்டு 3, ஆண்டு 4இலேயே தொடங்கிவிடுகிறது.

தொடக்கப்பள்ளியில் வாசிப்பு என்றவுடன் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 'நீலாம்' திட்டம். 1990களின் இறுதியில் தொடங்கிய நல்ல திட்டம். மாணவன் நூலைப் படித்து, தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் எல்லாவற்றையும் பதிய வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற விருதும் ஏறும். இப்போது பதிவு இணையத்துக்கு மாறிவிட்டது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் நூலைத் திறக்காமலேயே பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதினீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்!

எழுதுவதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு இந்தப் பதிவு ஒரு பொருட்டே இல்லை. எழுத்து மெதுவாக வரும் பையனுக்கோ ஒவ்வொரு நூலும் ஒரு கட்டுரைப் பயிற்சி ஆகிவிடுகிறது. பத்து நிமிடம் படித்தால் அரை மணி நேரம் எழுத வேண்டும். அவன் செய்யும் கணக்கு சரியானதுதான்: படிக்காமலிருந்தால் எழுதவும் வேண்டாம்.

எதையும் எழுதச் சொல்லாமல் படிக்க மட்டும் விட்டால் என்ன ஆகும்? இதற்கு நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு பிஜியில் இருக்கிறது. நம் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்ததுபோல், இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தீவு அது. 1980இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள கிராமப்புறப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளின் வகுப்புகளுக்குச் சுமார் 250 படக்கதை நூல்களைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் நூலை உரக்க வாசித்துப் பிள்ளைகளோடு பேசினார். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்து நாள்தோறும் அமைதியாகப் படித்தார்கள், அவ்வளவுதான். ஆங்கிலம் அவர்களுக்கு வீட்டு மொழியன்று. எட்டே மாதங்களில், வாசித்துப் புரிந்துகொள்வதில் அவர்களுடைய முன்னேற்றம் வழக்கமான வேகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. இரண்டாம் ஆண்டிலும் அந்த முன்னேற்றம் நீடித்தது.

அப்படியானால் நூல்களை அள்ளிக் கொட்டினால் போதுமா? போதாது. எந்த நூல் என்பதும் முக்கியம். நம் தமிழ்ப்பள்ளி அலமாரிகளில் நீதிக்கதைகளும் தலைவர்கள் வரலாறும் நிறைந்திருக்கும். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காற்பந்து, டைனோசர், லாரி, பாம்பு, விண்கலம், பேய், சிரிப்பு ஆகியவற்றைத் தேடி வரும் பையனுக்குத் தமிழில் என்ன வைத்திருக்கிறோம்? 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' எழுதி 2014இல் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற ஆயிஷா நடராசனின் அறிவியல் நூல்கள் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1980களிலிருந்து வருகிறது. வாங்கத்தான் யாரும் கேட்பதில்லை.

படக்கதை என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 1996இல் ஜோவான் உஜி, ஸ்டீபன் கிராஷன் இருவரும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பையன்களிடம் நடத்திய ஆய்வில், காமிக்ஸ் அதிகம் படித்தவர்களே மற்ற நூல்களையும் விரும்பிப் படிப்பவர்களாக இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையைக் கேட்டாலும் இதையே சொல்லும். நம் நாட்டில் லாட் வரைந்த 'கம்போங் பாய்' 1979இல் வந்தது. அதைக் கையிலெடுத்த பையன் பாதியில் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

தடுமாறிப் படிப்பவனுக்கு நூலின் தடிமனே ஒரு பயம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் இதைப் புரிந்துகொண்டது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய சிறு நூல்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. ஒரே மூச்சில் ஒரு நூலை முடித்துவிட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு ஆண்டு 2 பையனுக்குச் சின்ன விஷயமில்லை.

இன்னொன்று கதவு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பதை நூலகவியலின் முதல் விதியாக 1931இல் எழுதினார். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்கள் கிராமம் கிராமமாகப் போயின. நம் பள்ளிகள் சிலவற்றில் இன்றும் ஓய்வு நேரத்தில் நூல்நிலையம் பூட்டியிருக்கிறது, அல்லது அங்கே கூட்டம் நடக்கிறது. நூல்நிலைய ஆசிரியருக்கும் முழு நேர வகுப்புகள் இருக்கின்றன. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஜொகூருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் வட்டாரங்களில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பாக்கள் ஏராளம். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார். அவர் மகனுக்குக் கதை வாசிக்கவில்லை என்று யார் குற்றம் சொல்ல முடியும்? வீட்டில் படிக்கச் சொல்பவர் அம்மா, பள்ளியில் பெரும்பாலும் ஆசிரியை, நூல்நிலையத்தில் பொறுப்பு மாணவி. ஓர் ஆண் தன் விருப்பத்துக்காகப் புத்தகம் படிப்பதைப் பார்க்காமலேயே ஒரு பையன் ஆண்டு 6ஐ முடித்துவிடலாம். படிப்பது பெண்பிள்ளைகள் வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கேதான் இந்தப் பக்கத்தின் வாசகர்களான நீங்கள் வருகிறீர்கள். ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் உள்ளன. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களும், பக்கத்து இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, 5 படிக்கும் அண்ணன்களும் தாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்து, வாரம் அரை மணி நேரம் நூல்நிலையத்தைத் திறந்து தரச் சொல்லிக் கேட்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் இருபது நூல்களுக்குப் பணம் கேட்கலாம். எந்த இருபது என்பதைப் பையன்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். போய் உட்காருங்கள், உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் படியுங்கள், கேட்டால் உரக்க வாசித்துக் காட்டுங்கள். சுருக்கம் கேட்காதீர்கள். முதல் வாரத்தில் பாதிப் பேர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஓடட்டும், அடுத்த வாரமும் கதவு திறந்திருக்குமா என்று எட்டிப் பார்க்க வருவார்கள்.