100 எம்பிபிஎஸ் பிளான்ல ‘ஹலோ, கேக்குதா?’ ஏன்?

ஏழாயிரம்பண்ணையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பட்டாசு ஸ்டாக் வீடியோக்களை கிளவுடில் ஏற்றுகிறார். பக்கத்து அறையில் தங்கைக்கு சென்னை ஆபீஸோடு வீடியோ மீட்டிங். அப்லோட் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவர் குரல் விட்டு விட்டுப் போகிறது. “அண்ணே, செத்த நேரம் அத நிறுத்தேன்!”

பிளானை 200 ஆக்கலாமா என்பதுதான் அடுத்த பேச்சு. பெரும்பாலும் தண்டச் செலவு. புது வேகத்தையும் அதே அப்லோட் நிரப்பிவிடும். சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

சிக்கல் ரவுட்டருக்குள் நிற்கும் வரிசையில். ரேஷன் கடையில் ஒருத்தர் 40 கார்டுகளோடு முன்னால் நிற்க, ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவர் பின்னால் காய்வது போல, வீடியோ ஃபைலின் டேட்டாவுக்குப் பின்னால் தங்கையின் குரல் காத்துக் கிடக்கிறது. இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர்.

1986-ல் அமெரிக்காவில், 400 மீட்டர்கூட இல்லாத தூரத்தில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. டேட்டா தொலைந்தால் அனுப்புகிற கம்ப்யூட்டர் தானே வேகத்தைக் குறைக்கட்டும் என்று வழி கண்டார் வான் ஜேக்கப்சன். ஆனால், மெமரி மலிவான பிறகு ரவுட்டர்கள் எதையும் தொலைக்காமல் பிடித்து வைத்துக்கொண்டன. அனுப்புகிறவருக்கு நெரிசலே தெரியாது!

தீர்வு புதிதல்ல. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை, முறை வைத்து அனுப்பலாம் என்று 1989-லேயே டெமர்ஸ், கேசவ், ஷென்கர் எழுதிவிட்டார்கள். வரிசையில் டேட்டா தொடர்ந்து சுமார் 5 மில்லிசெகண்டுக்கு மேல் தேங்கினால் சிலவற்றைக் கைவிடும் ‘கோடெல்’ 2012-ல் வந்தது. இரண்டும் சேர்ந்த ‘எஃப்கியூ-கோடெல்’ லினக்ஸில் இலவசம். 2018-ல் ஆர்எஃப்சி 8290 ஆகவும் வெளியானது.

அப்புறம் ஏன் இணைப்போடு தருகிற எல்லா ரவுட்டரிலும் இது இல்லை? எம்பிபிஎஸ் கணக்கை வைத்தே விற்க முடிகிறதே! டிராயின் 2024 சேவைத் தர விதிகளில் லேட்டன்சியும் உண்டு. ஆனால் வீட்டில் ஒருவர் அப்லோட் போட்டிருக்கும்போது தாமதம் எவ்வளவு? பிளான் விளம்பரத்தில் அதையும் போடச் சொல்வது நியாயமான கோரிக்கை.

ரவுட்டர் செட்டிங்ஸில் ‘எஸ்கியூஎம்’ இருந்தால் ஆன் செய்து, நிஜ அப்லோட் வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வைக்கலாம். 20 கிடைத்தால் 18. வைஃபை சிக்னலே எட்டாத அறைக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.