1 கோடியே 60 லட்சம் பதக்கங்கள்

தோழர்களே, முதலில் ஒரு கேள்வி.

1945-ல் சோவியத் நாடு இரண்டு வெற்றிப் பதக்கங்களை வெளியிட்டது. ஒன்று ஜெர்மனியை வென்றதற்கு. மற்றொன்று ஜப்பானை வென்றதற்கு. இரண்டிலும் ஸ்டாலினின் முகம் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதல் பதக்கத்தில் அந்த முகம் இடது புறம் பார்க்கிறது. இரண்டாவதில் வலது புறம் பார்க்கிறது. ஏன்?

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தேசப்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்கோவுக்கு இடது பக்கம் மேற்கு, அங்கே ஜெர்மனி. வலது பக்கம் கிழக்கு, அங்கே ஜப்பான். எதிரி எந்தத் திசையிலோ, அந்தத் திசையில் முகம். பதக்கம் சேகரிப்போர் சொல்லும் விடை இதுதான்.

சோவியத் ராணுவப் பதக்கங்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவைக்கும் அன்பர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். நம்மூரில் தபால்தலை சேர்ப்பவர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒன்று கூடினால் ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் கேள்வி போடுவார். சரியான விடை சொன்னவர் அடுத்த கேள்வியைப் போட வேண்டும். பணம் கட்டி ஆடுவதில்லை. தோற்றவர் முகம் சுளிப்பதில்லை. தெரியாததைத் தெரிந்துகொண்டு, சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

"வேலையற்றவர்களின் வேலை" என்று இதை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அந்தக் கேள்விகளைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே ஏற்படுத்தப்பட்ட முதல் விருது எது? 1942 மே 20-ல் ஏற்பட்ட தேசபக்த யுத்த விருது. அதில் என்ன விசேஷம்? மற்ற விருதுகளை, பெற்றவர் இறந்ததும் சர்க்காரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அன்றைய விதி. இந்த விருதை மட்டும் குடும்பம் வைத்துக்கொள்ளலாம். மகனைப் பறிகொடுத்த தாயின் கையில் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும் அல்லவா?

"வீரத்திற்காக" என்ற வெள்ளிப் பதக்கம் பெற்ற சிப்பாய்க்கு மாதம் எவ்வளவு பணம் கிடைத்தது? 10 ரூபிள். அது எப்போது நின்றது? 1948 ஜனவரி 1 முதல். பதக்கம் மார்பில் இருந்தது, பணம் நின்றுவிட்டது.

1943 நவம்பர் 8-ந் தேதி ஒரே நாளில் பிறந்த இரண்டு விருதுகள் எவை? வெற்றி விருது ஒன்று. புகழ் விருது மற்றொன்று. வெற்றி விருது வைரம் பதித்தது. லட்சக்கணக்கான படைகளை நடத்திய தளபதிகளுக்கென்று செய்யப்பட்டது. மொத்தம் 20 முறைதான் வழங்கப்பட்டது. புகழ் விருதோ சாதாரணச் சிப்பாய்க்கும் சார்ஜெண்டுக்கும் உரியது. விமானப் படையில் ஜூனியர் லெப்டினெண்டு வரை பெறலாம். அதற்கு மேற்பட்ட அதிகாரி எவருக்கும் கிடையாது. மூன்றாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்பு வரை படிப்படியாக ஏறவேண்டும். மூன்றையும் பெற்றவர்கள் 2,500 பேருக்கு மேல். அவர்களில் மாதர் 4 பேர்.

அந்த நால்வரில் ஒருவர் நீனா பெத்ரோவா. யுத்தம் மூண்டபோது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பெண்மணி. படைக்கு வா என்று யாரும் அவரை அழைத்திருக்க முடியாது. தாமே போனார். தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுவதில் கைதேர்ந்தவர். இளைஞர்களுக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். 1945 மே 1-ந் தேதி, வெற்றிக்கு எட்டே நாள் இருக்கையில் உயிரிழந்தார். முதல் வகுப்பு விருது அவர் இறந்தபின் வந்தது.

இன்னொரு கேள்வி நமக்கு வெகு நெருக்கமானது. செந்நட்சத்திர விருது பெற்ற இந்தியச் சிப்பாய்கள் யார்? சுபேதார் நாராயண் ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் ஆகிய இருவர். 1944-ல் சோவியத் சர்க்கார் அவர்களுக்கு அதை வழங்கியது. முதல்வர் தமிழ்நாட்டுக்காரர். மற்றவர் இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகர் பகுதியைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து இந்திய ராணுவத்தில், சரக்கு ஏற்றிச் செல்லும் பிரிவில் இருந்தார்கள். ஈரான் வழியாகச் சோவியத் நாட்டுக்குத் தளவாடமும் உணவும் போன பாதையில் உழைத்தார்கள். சுமை சுமந்த கைகளுக்குக் கிடைத்த விருது அது!

ஆகவே இந்த விளையாட்டை நாம் குறை சொல்லவில்லை. ஒரு சிறு உலோகத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு யுத்தத்தின் கதையையே கற்றுக்கொள்ளலாம் என்பதை அது காட்டுகிறது. நமக்கு அதில் ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

சேகரிப்போரின் தராசில் அரிதாகக் கிடைப்பதற்கே மதிப்பு. 20 முறை வழங்கியது உச்சியில் இருக்கிறது. லட்சம் பேருக்கு வழங்கியது கீழே இருக்கிறது. கோடிப் பேருக்கு வழங்கியது அடிமட்டத்தில் கிடக்கிறது. அதைப் பற்றிக் கேள்வி கேட்பாரும் குறைவு.

அப்படி அடிமட்டத்தில் கிடக்கும் பதக்கம் ஒன்று உண்டு. "மகத்தான தேசபக்த யுத்தத்தில் தீரமிக்க உழைப்புக்காக" என்பது அதன் பெயர். 1945 ஜூன் 6-ந் தேதி ஏற்படுத்தப்பட்டது. வெறும் செம்பு. பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நாடா. சுமார் 1 கோடியே 60 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. ஜெர்மனியை வென்றதற்கான பதக்கம் பெற்றவர்கள் சுமார் 1 கோடியே 49 லட்சம் பேர். கணக்கைப் பாருங்கள், தோழர்களே! வெற்றிப் பதக்கம் அணிந்தவர்களைவிட உழைப்புப் பதக்கம் அணிந்தவர்களின் தொகை பெரியது.

யார் இந்த 1 கோடியே 60 லட்சம் பேர்?

1941 ஜூன் 22-ந் தேதி ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லைக்குள் புகுந்தன. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் மட்டும் 1,500-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பப்பட்டன. உரால் மலைப் பகுதிக்கும், சைபீரியாவுக்கும், மத்திய ஆசியாவுக்கும் அவை போயின. லெனின்கிராடின் கீரோவ் ஆலை யந்திரங்கள் செல்யாபின்ஸ்க் நகரில் போய் இறங்கின. டாங்கிகளை வார்த்துத் தள்ளிய அந்த ஊருக்கு "டாங்கி நகரம்" என்றே பெயர் வந்துவிட்டது. சுவர் எழும்பி, கூரை போடுவதற்கு முன்பே யந்திரங்களை ஓட்டிய இடங்களும் உண்டு. உறைபனியில், திறந்த வெளியில், இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிரில்!

ஓட்டியவர்கள் யார்? ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். பெண்களும், கிழவர்களும், சிறுவர்களும் வந்து நின்றார்கள். லேத்து மெஷினுக்குக் கை எட்டாமல், காலுக்குக் கீழே பெட்டியை வைத்து ஏறி நின்று வேலை செய்த பையன்கள் இருந்தார்கள். 1941 ஜூன் 26-ந் தேதி உத்தரவு ஒன்று வந்தது. அன்றாடம் 1 மணி முதல் 3 மணி வரை கட்டாய ஓவர்டைம், லீவு ரத்து. ஷிப்டு முடிந்தபின் நிற்கும் கால் எப்படி வலிக்கும் என்பதை ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கிராமத்தில் என்ன நிலைமை? டிராக்டரும் குதிரையும் படைக்குப் போய்விட்டன. கூட்டுப் பண்ணையின் பாரம் முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. குதிரை இல்லாத இடங்களில் பெண்களே கலப்பையை இழுத்தார்கள். நுகத்தடி தோளை அறுக்க, வயிற்றில் அரைப்பசி இருக்க, அவர்கள் விளைவித்த தானியம் போர்முனைக்குப் போயிற்று. நாற்றுக் கட்டு சுமந்து வரப்பில் நடந்தவர்களுக்கு இந்தக் காட்சி கண்ணில் தெரியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த உழைப்புக்குப் பின்னால் தேசபக்தி மட்டுமே இருந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. கடுமையான சட்டமும் இருந்தது. சர்க்காரின் அனுமதியில்லாமல் ஆலையை விட்டு விலகுவதை 1940-லேயே குற்றமாக்கிவிட்டார்கள். வேலைக்குப் பிந்தி வந்தாலும் தண்டனை உண்டு. அந்தச் சட்டத்தின் பாரத்தையும் சுமந்துகொண்டுதான் இவர்கள் உழைத்தார்கள். அதனால் அவர்கள் பட்ட பாடு இன்னும் பெரிதாகிறதே தவிர, சிறிதாவதில்லை.

லெனின்கிராடைப் பாருங்கள். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை அந்த நகரம் முற்றுகையில் கிடந்தது. 1941 நவம்பர் 20-ந் தேதி ரேஷன் அடிமட்டத்துக்கு இறங்கியது. தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் ரொட்டி. குழந்தைகளுக்கும், உத்தியோகஸ்தர்களுக்கும், வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்களுக்கும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் மாவோடு வேறு பொருள்கள் கலந்திருந்தன. அந்த நகரைக் காத்தவர்களுக்கென ஒரு பதக்கம் 1942 டிசம்பர் 22-ல் ஏற்பட்டது. அதில் படைவீரனும், கப்பற்படை வீரனும், தொழிலாளியும் துப்பாக்கியேந்தி நிற்கிறார்கள். படைவீரர்களோடு ஆலைத் தொழிலாளர்களும், மாதரும், சிறுவர் சிறுமியரும் அதைப் பெற்றார்கள். இதுவும் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டதுதான். ஆகவே இதற்கும் சந்தையில் மதிப்புக் குறைவுதான்!

சரி, அந்தப் பதக்கங்கள் சந்தைக்கு எப்படி வந்தன?

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த சேமிப்பு வெயிலில் வைத்த வெண்ணெயாகக் கரைந்தது. பென்ஷன் ரொட்டிக்கும் மருந்துக்கும் போதவில்லை. மாஸ்கோவின் அர்பாத் தெருவிலும் இஸ்மாய்லவோ சந்தையிலும் பதக்கங்கள் பலகையில் பரப்பிவைத்து விற்கப்பட்டன. அன்னிய நாட்டுப் பிரயாணிகள் டாலர் கொடுத்து வாங்கிப் போனார்கள். அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் ருஷ்யாவில் சட்டப்படி குற்றம். ஆனால் பசிக்கு முன்னால் சட்டம் எம்மாத்திரம்? நாஜிகளுக்குத் தலைவணங்காதவர்கள் ஒரு ரொட்டிக்காக மார்பிலிருந்ததைக் கழற்றிக் கொடுக்க நேர்ந்ததே, இதைவிட அவமானம் ஒரு சமுதாயத்துக்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் நமது மனத்தாங்கலின் மையம் இருக்கிறது.

பெரிய விருதுகளின் பின்புறத்தில் வரிசை எண் வெட்டப்பட்டிருக்கும். புகழ் விருதுக்கும், செந்நட்சத்திர விருதுக்கும் எண் உண்டு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆவணக் காப்பகத்தில் தேடினால், அணிந்தவரின் பெயர் அகப்படும். பெயர் அகப்பட்டால், அவர் என்ன செய்தார் என்ற குறிப்பும் அகப்படும். 2010-ல் ருஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் யுத்தகால விருதுக் குறிப்புகளை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. அதன் பிறகு எத்தனையோ விருதுகள் வாய் திறந்து பேசிவிட்டன. சேகரிப்போர் செய்த நல்ல காரியங்களில் இது முதன்மையானது.

ஆனால் உழைப்புப் பதக்கத்துக்கு எண் கிடையாது. அணிந்தவரின் பெயர் கூடவே கொடுத்த சிறு சான்றுச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். செம்புக்கு விலை உண்டு, காகிதத்துக்கு என்ன விலை என்று சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டால், அந்தக் கணமே பதக்கம் ஊமையாகிவிடும். கலப்பை இழுத்த பெண் யார், பெட்டிமேல் நின்ற பையன் யார் என்று அதைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

தளபதியின் பெயர் தப்பிப் பிழைக்க ஆயிரம் வழி உண்டு. வரலாற்றுப் புத்தகம் இருக்கிறது, சிலை இருக்கிறது. தொழிலாளியின் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதமே கதி.

பட்டமும் பதவியும் நிலைப்பதில்லை என்பதையும் இதே பதக்கங்கள் காட்டுகின்றன. 1918-ல் செங்கொடி விருதை முதன்முதல் பெற்ற தளபதி வாஸிலி ப்ளூஹெர் 1938-ல் தம் நாட்டுச் சிறையிலேயே மாண்டார். 1956-ல்தான் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். 1978-ல் பிரெஷ்னேவுக்கு அளித்த வெற்றி விருதை, தகுதியில்லாமல் அளித்தது என்று 1989-ல் ரத்துச் செய்தார்கள். மேலிடத்தின் கை கொடுக்கும், எடுக்கும், மறுபடியும் கொடுக்கும். உரால் ஆலையில் கடைந்தெடுத்த குண்டையும், கூட்டுப் பண்ணையில் விளைந்த கோதுமையையும் எந்த உத்தரவாலும் ரத்துச் செய்ய முடியாது.

ஆகவே பதக்கம் சேர்க்கும் அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். உங்கள் விளையாட்டு தொடர்ந்து நடக்கட்டும். நாடாவின் நிறத்தைக் கேளுங்கள், ஆண்டைக் கேளுங்கள், எத்தனை வழங்கினார்கள் என்றும் கேளுங்கள். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இதை அணிந்தவர் யார்? என்ன வேலை செய்தவர்?" அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரே ஆட்டத்தில் வென்றவர் ஆகட்டும். செம்புப் பதக்கம் கைக்கு வந்தால் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பிரிக்காதீர்கள்.

நமது வாசகத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அரிதானதே உயர்ந்தது என்று வியாபாரி சொல்லட்டும். அது அவன் தராசு. கோடிக்கணக்கான கைகள் ஒன்றுகூடிச் செய்ததை அந்தத் தராசில் நிறுக்க முடியாது. உலகத்தின் மிக மலிவான பதக்கங்களில் ஒன்றை எங்கேனும் ஒரு கடையில் நீங்கள் காண நேர்ந்தால், ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஆலையில் நின்றவர்களும் வயலில் குனிந்தவர்களும் அணிந்த பதக்கம் அது!