வெள்ளைக்காரன் சீக்காம்!

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு தோட்டக் கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். மைக்கைப் பிடித்த பிரமுகர், "தோல் புற்றுநோய் வெள்ளைக்காரன் சீக்கு, நம்ம தோலுக்கு வராது" என்றார். கைதட்டு வேறு! கலியாண வீடு, கருமாதி வீடு என்று பல வருஷமாக என் காதில் விழுகிற வசனம்தான்.

கறுப்பு நம்மைக் காப்பாற்றுமாம். வெயிலிலிருந்து ஓரளவு காப்பாற்றும், சரி. வெயிலே படாத உள்ளங்காலை? கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்று வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்றுதான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல், 36 வயதில், போய்விட்டார். ஆறாத புண்ணிலும் பழைய தீக்காயத் தழும்பிலும்கூட தோல் புற்று கிளம்பும். இடுப்பில் வேட்டியும் சேலையும் இறுக்கிக் கட்டிய தழும்பில் வருவதற்கு இந்திய மருத்துவர்கள் 'வேட்டிப் புற்று' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த வெள்ளைக்காரன் வேட்டி கட்டினான்?

கொஞ்சம் படித்தவர்கள், அமெரிக்க நிபுணர் குழுவே 2023-ல் தோல் பரிசோதனைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றதே என்பார்கள். ஆதாரம் போதவில்லை என்றுதான் சொன்னார்கள், பார்க்காதே என்று சொல்லவில்லை. அதுவும் அறிகுறி இல்லாதவர்களைப் பற்றி.

எனக்கு எரிச்சல் மூட்டுவது அடுத்த சமாதானம்: "கிளினிக்கில் இத்தனை கூட்டம், டாக்டருக்கு ஏது நேரம்?" மலேசியாவில் இனிப்புநீர் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். இனிப்புநீர்க்காரர் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு உட்கார்ந்தால், கால் பரிசோதனை நாளில் மிஸ்ஸி மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார். கால் ஏற்கெனவே அவர் கையில்தான்! விரலிடுக்கையும் நகத்தையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரே ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போகிறதா, கறுப்பு நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் படர்கிறதா, உள்ளங்கால் புள்ளி பெரிதாகிறதா, அவ்வளவுதான் கேள்வி. இனிப்புநீர்க்காரர் காலில் புண் என்றால் 'சர்க்கரைப் புண்' என்று முத்திரை குத்தி மருந்து வைத்துக் கட்டிவிடுவது சுலபம். கறுத்த நகத்தைப் பார்த்தால், செம்பனைக் குலை விழுந்து ரத்தம் கட்டியிருக்கும் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அடிபட்ட கறுப்பு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும், புற்றுக் கறுப்பு போகாது. பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது.

வெயில் களிம்பு பூசினால் போதும் என்பவர்கள் அதைப் பாதத்திலா பூசுகிறார்கள்? சந்தேகமான இடத்தில் துளித் தோல் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். அதற்கு முதலில் ஒருவர் காலைப் பார்க்க வேண்டும், நாமும் காலுறையைக் கழற்ற வேண்டும்.