மகள் சேர்த்த பணம்... பெற்ற தாய்க்கு இல்லையா?

1955-ல் திருமணமான அந்தப் பெண்ணின் கணவர், மூன்றே மாதங்களில் இறந்துபோனார். புகுந்த வீட்டில் இடமில்லை. பிறந்த வீடுதான் சேர்த்துக்கொண்டது, படிக்க வைத்தது. வேலைக்குப் போனார். பி.எஃப், வங்கிச் சேமிப்பு எல்லாம் அவர் உழைத்துச் சேர்த்தது. 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். குழந்தைகள் இல்லை.

வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்டு அவரின் அம்மா நீதிமன்றம் போனார். கணவருடைய சகோதரியின் பிள்ளைகளும் உரிமை கோரினார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் சொத்து கணவர் தரப்புக்கே என்று தீர்ப்பளித்தது. கேட்கவே கசக்கிறது. ஆனால், சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, உயில் இல்லாமல் இறக்கும் பெண்ணின் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அவர்களும் இல்லாவிட்டால்தான் பெற்றோர். ஓர் ஆண் இப்படி இறந்தால், அவரின் அம்மா முதல் வரிசை வாரிசு! பிள்ளையில்லாத பெண்ணுக்குப் பெற்றோர்வழி வந்த சொத்து என்றால் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அவரே சம்பாதித்ததற்குத்தான் இந்த நிலை. பெண்கள் வேலைக்குப் போய்ச் சொத்து சேர்ப்பார்கள் என்பதை அன்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

இந்தக் குறையை, அந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டே சுட்டிக்காட்டியது இந்தியச் சட்ட ஆணையம். பழைய சட்டங்களை ஆராய்ந்து, எதை மாற்றலாம் என்று மத்திய அரசுக்குச் சொல்வதுதான் இதன் வேலை. அப்போது அதன் தலைவர், தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன். 2008-ல் வந்த 207-வது அறிக்கை, இப்படிப்பட்ட பெண்ணின் சுய சம்பாத்தியத்தைக் கணவரின் வாரிசுகளுக்கும் பிறந்த வீட்டு வாரிசுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கச் சொன்னது.

ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும். ஏற்பதும் கிடப்பில் போடுவதும் அரசின் விருப்பம். சில சமயம் பலன் கிடைக்கும். 2000-ல் வந்த 174-வது அறிக்கை, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு கேட்டது. 2005-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 1989-லேயே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது என்பது தனிக்கதை. 207-வது அறிக்கைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 15-வது பிரிவு அப்படியே இருக்கிறது.

அதனால், சம்பாதிக்கும் பெண்கள் உயில் எழுதிவைப்பதே பாதுகாப்பு. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது.